கன்னத்துக் கறுப்பும் மருந்துக்கடை அக்காவும்

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். கன்னத்தில் கறுப்பு படர்ந்தது. திரை வெளிச்சம்தான் காரணம் என்ற வீடியோவை நம்பி, அதில் சொன்ன கிரீமை இரண்டு மாதம் தடவினேன். முதலில் வெளுத்த முகம், பிறகு சிவந்து எரிந்தது.

அப்படியும் அதே கிரீமில் இன்னொரு டியூப் கேட்டபோது மருந்துக்கடை மேரி அக்கா மறுத்துவிட்டார். "ஏட்டி, இது ஸ்டீராய்டுல்லா! முகமே கெட்டுப்போகும். வா, டாக்டர்ட்ட நானும் வாரேன்" என்று உடனே கூட்டிப்போனார்.

"திரை வெளிச்சத்தால இந்தளவு வராதும்மா. தினமும் வெயில்ல ஸ்கூட்டர் ஓட்டுதீங்கல்லா, அதான்" என்றார், நான் வேலைக்குப் போய்வருவதை விசாரித்த டாக்டர். அவர் மருந்தில் முகம் தேறியது.

இப்போது சன்ஸ்கிரீன் தடவி, துப்பட்டாவால் முகத்தை மூடித்தான் வண்டியை எடுக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசுவதில்லை. வழியில் பார்த்தால், மேரி அக்காவின் கண் முதலில் என் கன்னத்துக்குத்தான் போகிறது. அந்த அக்கறைக்கு என்ன கைம்மாறு செய்வேன்!