நாலு கம்பியும் என் இடது கையும்

எல்லோருக்கும் பின்னால் நின்று, யாருக்கும் கேட்காத ஒன்றை வாசித்து, மறுநாள் கை உளைவோடு எழும்புவதுதான் பேஸ் கிட்டார்க்காரனின் தொழில். வயல் வெட்டி, தறி நெய்து, தையல் மெஷின் மிதித்து உடம்பு உளைந்தவர்கள் எல்லோரும் என் ஆட்கள்தான். ஆனால் உங்கள் உளைவைச் சொன்னால் சனம் நம்பும். ‘பாட்டுக்கு வாசித்துக் கை உளையுது’ என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் இசைக்குழுவின் தலைவர் பாண்டிருப்புச் செல்வம் அண்ணன். பகலில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், மற்ற நேரம் கீபோர்ட். நான் கல்முனைக்குடி. கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு, கலியாண வீடு என்று யார் கூப்பிட்டாலும் போவோம்.

திட்டத்தில் இல்லாத வீடு

சுனாமி என் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டையும், அதற்குள் இருந்த கிட்டாரையும் கொண்டு போனது. என் கூடப்பிறந்த ராத்தாவையும் கொண்டு போனது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கூடாரத்தில் இருந்த நாட்களில் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தம்பி. நாங்கள் பாட்டுக்காரர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இசை மனக்காயத்தை ஆற்றும், வாத்தியங்கள் எல்லாம் புதிதாகத் தருகிறோம் என்றார். செல்வம் அண்ணன் மரியாதையாக, முதலில் தலைக்கு மேல் ஒரு கூரைக்கு வழி இருக்குமா என்று கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். பிறகு அந்தத் தம்பி வெட்கத்தோடு சொன்னார்: “வீடு எங்கட திட்டத்தில இல்ல அண்ணன், பாட்டு மட்டும்தான் இரிக்கி.”

ஆறில் ரெண்டு

வந்த பேஸ் கிட்டார் கறுப்பு நிறம், பார்க்க ராசா மாதிரி. கம்பிகள்தான் உடுப்புக் காயப்போடும் கயிற்றின் தடிப்பு. சுருதியை அடிமட்டத்துக்கு இறக்கி உறுமுகிற குழுக்களுக்கென்று செய்த கம்பிகள் அவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் சாதாரண சுருதியில் வைத்துக் கலியாண வீட்டில் வாசித்தோம். அந்த இழுவைக்குக் கிட்டாரின் கழுத்து, அதுதான் நெக், வில்லாக வளைந்துவிட்டது. நெக் வளைந்தால் கம்பி மேலே எழும்பும். அடியில் என் சுண்டுவிரல் போய்வரும் அளவுக்கு எழும்பியிருந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கவேண்டும். மூன்றாவது பாட்டில் முன்னங்கை கல்லாகிவிடும், பெருவிரல் விறைத்துவிடும்.

மெல்லிய கம்பி தேடிக் கல்முனை பஸாருக்குப் போனேன். மணிக்கூடு, ரேடியோ, ஆர்மோனியம் எல்லாம் விற்கிற ஒரு கடை. முதலாளியிடம் சாதாரண ஆறு கம்பிக் கிட்டாருக்கான பக்கெட்தான் இருந்தது. பேஸ் கம்பி வேறு, அது நீளம், அது இதற்குப் பொருந்தாது என்று விளங்கப்படுத்தினேன். மனிசன் பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார். பிறகு அதே பக்கெட்டை என் பக்கம் தள்ளினார்: “உங்களுக்கு நாலுதானே வேணும் மகன், ஆறில ரெண்டைக் கழிச்சிப்போட்டுக் கட்டுங்க.”

கிளச்

மோட்டார் சைக்கிளின் கிளச் ஏன் இடது பக்கம் இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் யோசித்திருக்கிறேன். சம்மாந்துறையில் ஒரு கலியாணம் முடித்து, பின்னேரம் கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். சோதனைச் சாவடியில் கிளச்சைப் பிடிக்கப் பார்த்தால் விரல்கள் மடங்கவில்லை. சைக்கிள் துள்ளித் துள்ளிப்போய், சரியாகக் காவல் நின்ற ஆமிக்காரனுக்கு முன்னால் செத்தது. சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம். முதுகில் நீளமான கறுப்புப் பையோடு ஒருவன் அந்த இடத்தில் காரணமில்லாமல் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பையைத் திறக்கச் சொன்னார்கள். வயதில் மூத்த ஒருவர் கிட்டாரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கிளச் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும் ஒரே அளவு. கம்பியைத் தொட்டுக் காட்டி, அமுக்கிப் பாருங்கள் என்று சைகை செய்தேன். அமுக்கினார். இன்னும் பலமாக அமுக்கினார். பிறகு விரலை உதறிக்கொண்டே இரண்டு பேரைக் கூப்பிட்டு என் சைக்கிளைத் தள்ளிவிடச் சொன்னார். ஸ்டார்ட் ஆகிப் புறப்படும்போது பின்னாலிருந்து கேட்டார்: “தம்பி, இது பாட்டா, பனிஷ்மன்டா?”

மருந்தில்லாத வைத்தியம்

வரவரச் சட்டைப் பொத்தான் போட மனைவி நஸீரா வேண்டியிருந்தது. ஒருநாள் மகளைத் தூக்கப்போய்க் கை விட்டுப்போனது. பிள்ளை மெத்தையில் விழுந்தபடியால் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்தக் கை இல்லாவிட்டால் நான் யார் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

டொக்டரிடம் போனேன். வீடு போனபிறகு நாங்கள் நஸீராவின் வாப்பா, என் மாமாவின் வீட்டில்தான் இருந்தோம், அதனால் மாமாவும் கூடவே வந்தார். அவர் நெல் வியாபாரி. பாட்டு அவருக்கு ஒத்துவராது. டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, மருதமுனையில் தறி நெய்கிறவரா என்று கேட்டார். கிட்டார் என்றேன். நரம்புகள் வீங்கியிருக்கின்றன, இப்படியே போனால் விரல் மடங்காமல் போகும், கிட்டாரை விடுவதுதான் நல்லது என்றார். மாமாவின் முகத்தில் பெருநாள் பிறை கண்ட வெளிச்சம். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்: “இதைத்தான் நான் கலியாணத்தன்டே சொன்னன் டொக்டர், அதுவும் மருந்தில்லாம.”

கட்டாரிலிருந்து வந்தது

நஸீரா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கட்டாரில் ட்ரைவராக இருக்கும் தன் கூடப்பிறந்த காக்காவிடம் போனில் பேசியிருக்கிறாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்த ஒருவர் கையில் மச்சான் ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். உள்ளே கறுப்பு நைலோன் சுற்றிய நாலு கம்பி. கரண்ட் வயர் என்று நினைத்து மாமா அதைத் தொடவில்லை.

கட்டிய சில நாளில் நெக் தானாக நிமிர்ந்தது. கம்பி கீழே இறங்கியது. விரலை வைத்தால் போதும், அமுக்கத் தேவையில்லை. நெக்கின் நுனியில் தடித்த கம்பிக்கென்று வெட்டிய வெட்டுக்குள் புதுக்கம்பி ஆடிச் சத்தம் போட்டது. பழைய கலியாணக் காட் ஒன்றைக் கிழித்து மடித்து அதற்குள் செருகினேன். நாலைந்து கிழமையில் என் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். நஸீரா பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

சத்தம்தான் முந்தினது இல்லை. நெல் மூடையில் கையால் தட்டுகிற மாதிரி ஒரு ‘தும்’. அந்தக் கம்பியோடு போன முதல் கலியாணத்தில் பெண்ணின் வாப்பா என்னைத் தேடி வந்தார். ஏதோ குறை சொல்லப்போகிறார் என்று எழும்பி நின்றேன். “முந்தி நெஞ்சில இடிச்ச நீங்க, இப்ப முதுகில தட்டிறீங்க,” என்றார், “எங்கட வயசுக்கு இது நல்லம்.”

சந்தோசம் காணாது

சண்டை முடிந்தது. மைதானத்தில் அரசாங்கத்தின் வெற்றிக் கொண்டாட்டம், இசைக்குழு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ‘ஏலாது’ என்று சொல்லக்கூடிய காலமில்லை அது. செல்வம் அண்ணனின் அக்கா, கடைசிச் சண்டை நடந்த முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் முடித்தவர். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அக்காவும் பிள்ளைகளும் முகாமொன்றில் இருக்கிறார்கள் என்று தெரியவர இன்னும் சில கிழமை இருந்தது. அத்தானைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. செல்வம் அண்ணன் நேரத்துக்கு வந்தார். அயன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். எந்தப் பாட்டு முதலில் என்பதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

பாதியில் ஏற்பாட்டாளர் மேடைக்கு ஏறி வந்தார். துள்ளல் காணாது, சனம் ஆடுதில்லை, முக்கியமாக இந்த பேஸ் சரியில்லை என்று என்னைக் காட்டினார். நான் நைலோன், இழுவை, நெக் என்று தொடங்கப் பார்த்தேன். செல்வம் அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், தலையையும் தூக்காமல் சொன்னார்: “இந்தக் கம்பியில இவ்வளவு சந்தோசம்தான் வரும் சேர்.”

தடித்த கம்பி போட்டால் கை கோபிக்கிறது, மெல்லிய கம்பி போட்டால் மேடைக்கு ஏறி வருகிறவர்கள் கோபிக்கிறார்கள். சோறு தின்னவும் பிள்ளை தூக்கவும் அவர்கள் வரப்போவதில்லை என்றபடியால், நான் கையோடு சமாதானமாகப் போய்விட்டேன்.