கண்ணாயிரம் அமுக்கிய பொத்தான்

கடலில் எங்கே மீன் கிடைத்தது என்று கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுகிறவனை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் யாரும் நல்லவன் என்று சொல்லமாட்டார்கள். விவரம் பத்தாதவன் என்பார்கள். அந்தக் கணக்கில் கண்ணாயிரம் மகா விவரமானவர். ஐம்பத்து மூன்று வயது, ஒரு பைபர் படகு, ஆறு வலை, யார் கேட்டாலும் "கீழாண்ட போனேன்" என்ற ஒரே பதில். கீழாண்ட என்றால் கிழக்கே. கிழக்கே வங்காள விரிகுடா முழுவதும் கிடக்கிறது.

இந்தக் கதையை இப்போது அவரே டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார். அவர் விட்டுவிடுகிற இடங்களை அவர் மனைவி வேண்டா நிரப்பிவிடுகிறாள்.

கண்ணாயிரத்துக்கு ஒரு ரகசிய இடம் உண்டு. கலங்கரை விளக்கம் திருக்கழுக்குன்றம் மலைக்கு நேராக வர வேண்டும், அதே நேரம் கல்பாக்கத்துப் புகைபோக்கி சவுக்குத் தோப்பின் முனையைத் தொட வேண்டும். அங்கே கடலடியில் ஒரு பாறைத்திட்டு, அதில் சங்கரா மீனும் கலவா மீனும். ஆனால் பெரிய விசைப்படகுகள் வந்து அரித்துக்கொண்டு போனதில், அங்கேயும் ஆறு நாளில் நாலு நாள் வெறும் வலைதான் ஏறியது. படகை விற்றுவிட்டு கேளம்பாக்கத்தில் ஏதாவது அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகப் போய்விடலாமா என்றுகூட அவர் யோசித்த நேரம் அது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சங்கவி வந்தாள். ஆராய்ச்சி மாணவி. உள்ளங்கை அளவுப் பெட்டிகள் பன்னிரண்டைக் கொண்டுவந்து பன்னிரண்டு படகுகளுக்குக் கொடுத்தாள்.

"அண்ணே, மீன் கிடைச்ச எடத்துல இந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்க. எத்தனை கிலோன்னு நோட்டுல எழுதுங்க. ஒரு வருஷம் கழிச்சு, எங்க நெறைய வருதோ அதுக்குப் பக்கத்துல கான்கிரீட் கூடுங்களை எறக்குவோம். மீன் வந்து தங்கும், குஞ்சு பொரிக்கும். வலை கிழிஞ்சிடும்னு விசைப்படகுக்காரங்களும் கிட்ட வரமாட்டாங்க."

கண்ணாயிரத்துக்கு அந்தக் கூடு வேண்டும். ஆசையாகத்தான் பெட்டியை வாங்கினார். ஆனால் மறுநாள் பாறைத்திட்டின் மேல் நின்று பொத்தானில் விரலை வைத்ததும் கை வரவில்லை. பெட்டி மேலே செயற்கைக்கோளிடம் சொல்லும், அது சங்கவியிடம் சொல்லும், சங்கவி யாரிடமாவது சொல்லுவாள். பொழுது சாய்வதற்குள் குப்பமே தன் பாறை மேல் வலை போடும்.

கரைக்குத் திரும்புகிற வழியில் இருபது நிமிடம் வடக்கே ஒதுங்கினால் ஒரு சேற்றுப் பகுதி. கெளுத்தியைத் தவிர எதுவும் வராத இடம். அங்கே போய்ப் பொத்தானை அமுக்கினார். அன்றிலிருந்து ஒரு வருஷம், மழையோ வெயிலோ, மீன் பிடிப்பது ஓரிடம், அமுக்குவது ஓரிடம். பொய் சொல்வதற்காக இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிய ஒரே மனிதர் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வேண்டாவின் தம்பி தீனதயாளனின் படகும் பல நாள் அந்தச் சேற்றில் நிற்கும். தான் இங்கே நிற்பதைப் பார்த்து, மீன் இருக்கிறது என்று நம்பி வந்து ஏமாந்து நிற்கிறான், பாவம், என்று கண்ணாயிரம் கையாட்டுவார். அவனும் பதிலுக்கு ஆட்டுவான்.

வருஷம் முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அதிக முறை பொத்தானை அமுக்கியவர் என்று கண்ணாயிரத்துக்கு ஒரு தொப்பி கொடுத்தாள் சங்கவி. 'முன்னோடி மீனவர்' என்று அதில் எழுதியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் கடலின் படம் வந்தது. சேற்றுப் பகுதி முழுவதும் ஒரே சிவப்பு.

"பன்னெண்டு படகுலயும் முக்காவாசி மீன் இந்த ஒரே எடத்துலதான்!" சங்கவியின் முகம் பூரித்திருந்தது. "அடுத்த வாரம் கேமரா எறக்கி அடித்தரையைப் பாப்பாங்க. சேறா இருந்தா கூடு புதைஞ்சிடும், திட்டம் வேற ஊருக்குப் போயிடும். நமக்கு அந்தப் பயமே இல்ல. இவ்வளவு மீன் வர்ற எடம் சேறாவா இருக்கப்போவுது?"

கண்ணாயிரத்துக்குத் தொப்பிக்குள் வியர்த்தது. வாயைத் திறந்தால் பாறை போச்சு. மூடிக்கொண்டிருந்தால் கூடு போச்சு. கூடு போனால் இன்னும் இரண்டு வருஷத்தில் பாறையும் சும்மா கிடக்கும், அவர் எங்கேயாவது கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அதைவிட, ஒரு வருஷமாக வெயிலில் வந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"யம்மா, அங்க ஒரு மயிரும் கெடையாது. சேறு. நான் புட்சது வேற எடம், அமுக்குனது வேற எடம்."

பின்வரிசையிலிருந்து தீனதயாளன் மெதுவாக எழுந்தான்.

"மாமா, நீயுமா?"

அவனுக்குப் பின்னால் மணி எழுந்தான், துரை எழுந்தான். கண்ணாயிரத்தையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். யாரும் போகாத இடமாகப் பார்த்துக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக மூளையைக் கசக்கி, கடைசியில் ஒரே சேற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எவனோ சிரிக்க ஆரம்பிக்க, கூடமே சிரித்தது. சங்கவி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கண்ணாயிரம் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"சரி, அப்ப மீன் எங்கதான் இருக்கு?" என்று கேட்டாள் சங்கவி.

ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கண்ணாயிரமும்தான்.

"இன்னாத்துக்கு அதுங்களாண்ட கேட்டுகினு கீற?" கதவோரத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்த வேண்டா எழுந்து வந்தாள். நேராகத் திரையருகே போய் விரலை வைத்தாள். "எங்க வூட்டு ஆளு போறது லைட்டவுசுக்கு நேரா, இந்தப் பாறை. எந்தம்பி இங்க. மணி இதுக்குத் தெக்கால. கூடையில கொட்டுனா தெரியாதா? சங்கராவும் கலவாவும் கல்லு மீனு, கல்லுக்குக் கல்லு நெறம் மாறும். சேத்துல எங்கேந்து வரும்? மார்க்கெட்டுல உக்கார்ர எல்லா பொம்பளைக்கும் தெரியும்."

"நான் கிலோ மட்டும்தான் கேட்டேன். என்ன மீனுன்னு கேக்கலையே" என்று சங்கவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கண்ணாயிரத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தினி வருசமா தெரிஞ்சிகினு ஒரு வார்த்த சொன்னியாடி?"

"என்னிய எவன் கேட்டான்?" என்றாள் வேண்டா. கேமரா இறங்குவதற்கு முன்பே, அந்த ஒரு கேள்வியில் கூட்டமே வெட்கத்தில் சேற்றுக்குள் இறங்கியது. பன்னிரண்டு பெட்டி கொண்டுவந்த சங்கவியும் கேட்டதில்லை. என்ன விலைக்குப் போச்சு என்பதைத் தவிர கண்ணாயிரமும் அவளை எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலை சங்கவி நோட்டோடு மீன் கூடைகளின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். ஆறு மாதம் உட்கார்ந்தாள். பாறைப் பக்கம் கேமரா இறங்கியது, மணலும் கல்லுமாகத் தரை நன்றாக இருந்தது. போன பங்குனியில் பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் கூடுகள் இறங்கின. இப்போது ஆறு நாளில் நாலு நாள் வலை கனக்கிறது. வாட்ச்மேன் பேச்சு போய்விட்டது.

நேற்றும் படகை இழுத்து ஏற்றும்போது தீனதயாளன் கேட்டான்: "மாமா, சரக்கு எங்க கெடச்சுது?"

"கீழாண்ட" என்றார் கண்ணாயிரம்.

வேண்டா ஒரு கலவாவைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். "கூட்டுக்குத் தெக்கு மூல" என்று சொல்லிக்கொண்டே பல்கலைக்கழக நோட்டில் எழுதினாள். கண்ணாயிரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வலையை உதறப் போனார்.