மில் இரைச்சலில் கற்ற பேச்சு

தெருவில் அவளுக்கு 'மைக்' என்று பெயர். நூல் மில்லில் வேலை பார்த்தவள். இரைச்சலுக்கு ஈடுகொடுத்துப் பேசிப் பேசிக் குரல் பெருத்துவிட்டது; வீட்டில் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

மில்லை மூடிவிட்டார்கள். சில மாதம் சும்மா இருந்து பார்த்தாள், முடியவில்லை. அப்போதுதான் காது கிளினிக் ஒன்றில் வரவேற்பு வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கடிதமும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். போனில் தேடி, கிடைத்த மாதிரிக் கடிதத்தில் தன் பெயரை மட்டும் மாற்றினாள். ஞாயிறு மதியம் வந்த நாத்தனாரிடம் அதைப் பெருமையாகக் காட்டினாள். நாத்தனாருக்கு டிராவல்ஸ் ஆபீசில் வேலை.

"அண்ணி, 'சவால்களைச் சாதனைகளாக மாற்றுபவள்'னு இருக்கே. யாரு இது?"

"நான்தான். அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"அவங்க என்ன கேட்டிருக்காங்க, படிங்க."

காது சரியாகக் கேட்காதவர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று இருந்தது.

"பொறுமையா? இவளுக்கா? என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுடாதீங்க" என்றார், ரொட்டி வேன் ஓட்டும் கணவர், படுத்தபடியே.

அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அவள் சொன்னாள்: "மில்லுல எல்லாரும் காதுல பஞ்சு வச்சிருப்போம். மெஷின் பக்கத்துல எவ்வளவு கத்தினாலும் புரியாது. எதிர்ல போய் நின்னு, முகத்தைப் பார்த்து, நிதானமா வாயசைச்சுச் சொல்லணும். புரியலன்னா வேற வார்த்தையில சொல்லணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுப்பேன்."

"இதை அப்படியே எழுதுங்க அண்ணி."

"இதெல்லாம் ஒரு தகுதியா?"

"அவங்க கேக்குறதே இதுதானே."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். மில் மூடியதால் பட்ட கஷ்டத்தை எழுதிய பத்தியை நாத்தனார் வெட்டச் சொன்னாள். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு பொய்யைச் சேர்க்கலாமா என்று கணவர் கேட்டார். "முதல் நாளே குட்டு உடைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, 'கம்ப்யூட்டர் பழக்கமில்லை, கற்றுக்கொள்வேன்' என்று எழுதினாள். கடைசியில் அரைப் பக்கம்தான் வந்தது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடிதத்தை அனுப்பிச் சில நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நேரில் வரச் சொல்லிப் போன் வந்தது. மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மா கடிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, "இதை நீங்களேதான் எழுதினீங்களா?" என்று கேட்டார்.

"எழுதினது நான்தாங்க. வெட்டினது என் நாத்தனார்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வந்ததெல்லாம் ஒரே மாதிரிக் கடிதம். யாரு என்னன்னே தெரியல. உங்களைப் பார்க்கணும்னு தோணுச்சு" என்று சொல்லி, அன்று முற்பகல் முழுக்க அவளை முன்மேசையில் உட்காரவைத்துப் பார்த்தார். மாலையில் வேலை உறுதியானது.

கம்ப்யூட்டர் இன்னும் அவளிடம் முரண்டு பிடிக்கிறது. நேற்றுக்கூட ஒருவரின் வயதை அவருடைய போன் எண் இருக்கவேண்டிய இடத்தில் போட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் திருத்திக் கொடுத்தாள். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி டீ குடித்தார்கள். பிறகு அவள் எழுந்து, சுவரோரம் காத்திருந்த பெரியவருக்கு எதிரில் போய் நின்று, "அடுத்தது நீங்கதாங்க, வாங்க" என்றாள்.