ஞாயிற்றுக்கிழமை போட்ட டிக்குகள்

எண்பதுகளில் ஏற்காட்டில் நான் பள்ளி ஆசிரியை. ஒரு மழைக்காலத்தில் வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் எழும்ப மறுத்தது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று படித்தார்கள். அதைச் சமாளித்துவிடலாம். எட்டு வயது மகளின் இடுப்பு வரை தொங்கும் முடியை வாரிப் பின்னுவதற்குள்தான் தினமும் உயிர் போனது. வேறு யார் பின்னினாலும் அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

சேலத்து டாக்டர், ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார். சுவரில் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். காலை பத்து முறை, மாலை பத்து முறை. செய்ததும் அவர் தந்த அட்டையில் டிக்.

முதல் வாரம் முழுக்கச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் பனியில் சுவர் ஜில்லென்றிருந்தது. அதன் பிறகு பயிற்சி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் நான் பயிற்சி செய்வதாக நினைத்தார்கள். தலைமையாசிரியையின் கையெழுத்துக்காக ஒரு வாரப் பாடக்குறிப்பை ஞாயிறு மாலை ஒரே மூச்சில் எழுதிப் பழகியவள் நான். அட்டையையும் அப்படியே நிரப்பினேன். மூன்று பேனா மாற்றினேன். உண்மை போலத் தெரிய, ஒரு புதன்கிழமை மாலையைக் காலியாக விட்டேன். அந்த உழைப்பில் கால்வாசியைத் தோளுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆறாவது வாரம், சேலத்து ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண் அட்டையைப் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டாள்.

"ஒரே ஒரு வேளைதான் விட்டிருக்கீங்க டீச்சர். இவ்வளவு செஞ்சும் கை ஏறலீன்னா, இனி ஊசிதானுங்க."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆசிரியையே பொய் டிக் போட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? டாக்டரிடம் போய்த் தோளைக் காட்டினேன். மானத்துக்காக மூட்டில் ஊசி குத்திக்கொண்டவள் இந்த மலையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது மகள் வாசலில் நின்றிருந்தாள். முடி காதோடு நின்றது. தன் அப்பாவை நச்சரித்து வெட்டிக்கொண்டாளாம்.

"இனி நீங்க கையத் தூக்க வேண்டாங்கம்மா," என்றாள். "தினமும் அத்தனை பயிற்சி செஞ்சும் சரியாகலீங்களே."

ஊசி போட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. மறுநாளிலிருந்து கதவைத் திறந்து வைத்து நிஜமாகவே செய்தேன். நாலு மாதத்தில் கை தலைக்கு மேல் போயிற்று. அதற்குள் அவளுக்குக் குட்டை முடி பிடித்துப்போயிருந்தது. பிறகு வளர்க்கவே இல்லை.