உள்ளான்தான், சந்தேகமே இல்லை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் காவிரி. அதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருவெறும்பூரையும் தாண்டி ஓர் ஏரிக்கு ஸ்கூட்டரில் போகிறேன். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே கரை முழுக்கக் கேமராவாக நிற்கும். என் மனைவிக்கு இந்தப் பயணம் பிடிபடவே இல்லை. "ஆத்துல நிக்கற கொக்கெல்லாம் கொக்கு இல்லையா? அங்க இருக்கறதுக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?" என்பாள். அது கொக்கு இல்லை, உள்ளான் என்பேன். "எல்லாம் கொக்குதான்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கி வைப்பாள்.

இந்த ஊரில் எனக்குத் தீராத எரிச்சல் இதுதான். நீளமான காலோடு தண்ணீரில் எது நின்றாலும் கொக்கு. நாரையும் கொக்கு, அரிவாள்மூக்கனும் கொக்கு. எங்கள் தெருவில் எனக்கே கொக்கு சார் என்று பெயர். கொக்கை நான் படமே எடுப்பதில்லை.

நான் தேடிப் போவது பொரி உள்ளான். மைனா அளவுதான் இருக்கும். பழுப்பு முதுகில் அரிசிப்பொரியைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சேற்றில் அலகைக் குத்திக் குத்தி வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும். பார்க்க ஒன்றுமே இல்லாத பறவை என்று வேண்டாதவர்கள் சொல்லலாம்.

அது மேயும் சேறு ஒரு வீட்டின் பின்புறம் இருந்தது. ஏரிக்கரையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை, இரண்டு மாடுகள். வீட்டுக்கார அம்மா பால் ஊற்றுகிறவர், கணவர் ஒரு பட்டறையில் வெல்டர். நான் மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, அதன்மேல் கேமராவை வைத்துப் பச்சைத் துணியால் மூடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் வாரம் அந்த அம்மா கேட்காமலே டீ கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் டீயோடு மணப்பாறை முறுக்கு. ஏரிக்கரை மனிதர்களின் குணமே தனி என்று வீட்டில் வந்து சொன்னேன்.

ஒருநாள் தயங்கித் தயங்கி, "எங்க வீடு எப்படி சார்?" என்று கேட்டார்.

"அருமையான இடம்மா."

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்."

பார்த்துத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குப் பார்த்து பாலக்கரை நண்பர் போன் செய்தார். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே கடை வைத்திருப்பவர், என்னைப் போலவே பறவைக் கிறுக்கு; துபாய்ப் பழக்கத்தில் எல்லோரையும் பாய் என்பார். நான் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பாய் இது, வேற ஏதோ மாதிரியில்ல இருக்கு?" என்றார். சிக்னல் சரியாக இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளான்தான்! சந்தேகமே இல்லை! எங்க வந்து வேணாலும் சொல்வேன், உள்ளான்தான்!" என்று ஏரியே அதிரக் கத்தினேன். பறவைகள் எல்லாம் எழுந்து பறந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு போனபோது கொட்டகையைக் காணோம். கூரைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் மினி வேன், அதில் பீரோ, பாத்திரம், தையல் மெஷின். கணவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வீடு மாறுகிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "கேப்பீங்க சார், நல்லாக் கேப்பீங்க. எங்க வீடு ஏரிக்கு உள்ளேயா வெளியேயான்னு அளக்கத்தானே வாராவாரம் வந்தீங்க? உள்ளேதான், சந்தேகமே இல்லைன்னு போன்ல கத்துனீங்களே! கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வீடுதான் சார். இடிக்கிறதுக்கு முன்னாடி சாமானையாவது எடுத்துக்குறோம்."

அப்போதுதான் எனக்கு டீயும் முறுக்கும் புரிந்தது. கேமராவைத் திறந்து படத்தைக் காட்டினேன். இதற்குப் பெயர்தான் உள்ளான் என்றேன். அவர் தகடுகளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் குருவிக்கா? அட கடவுளே! இதுக்கா ஒரு வாரமா எங்களுக்குச் சோறு இறங்கல? வேற பேரே கிடைக்கலையா இதுக்கு?"

பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். தகடுகளைத் திரும்ப ஏற்ற நானும் கை கொடுத்தேன்.

அதற்கப்புறம் அந்த அம்மாவே போன் செய்து, "சார், உங்க உள்ளான் வந்திருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். கொக்கு என்று சொல்லாத முதல் ஆள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் தென்னூரில் ஆபீஸில் இருந்தபோது அவர் போன் வந்தது. "சார், மூணு கால் ஸ்டாண்டோட நாலு பேர் வந்திருக்காங்க. உங்க ஆளுங்கதானே? டீ போட்டுக் குடுத்தேன். தண்ணி எதுவரைக்கும் வரும்னு கேட்டாங்க. மழைக்கு எங்க அடுப்படி வரைக்கும் வரும், உள்ளான் அங்கேயே வந்து மேயும்னு காட்டினேன். எழுதிக்கிட்டாங்க சார்."

"அவங்க கையில வேற என்னம்மா இருக்கு?"

"சிவப்பு பெயின்ட் டப்பா சார். ஏன் சார்?"

அவர்கள்தான் ஏரியை அளக்க வந்தவர்கள் என்று சொன்னேன். மாடு கத்துவது மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்டாண்டை எடுத்துப் போகவில்லை. அடுப்படிக்கும் முன்ரூமுக்கும் நடுவே, சுவரில் மேலிருந்து கீழே சிவப்புக் கோடு. அடுப்படி ஏரிக்குள், முன்ரூம் வெளியே. பின்னால் கொட்டகையும் இல்லை, மாடுகளும் இல்லை. அந்த அம்மா அடுப்பை முன்ரூமுக்குக் கொண்டுவந்து, அங்கேயே டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாதி வீடு உள்ளான் சார்" என்றார் அவர். சொல்லிவிட்டு, நான் சிரிப்பேனா என்று பார்த்தார்.