விசேஷம் ஒன்றுமில்லை

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது செருப்புப் பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து என் பழைய ஜாய்ஸ்டிக் கிடைத்தது. எடுத்ததும் கையோடு ஒட்டிக்கொண்டது. மேலே பூசியிருந்த ரப்பர் இத்தனை வருடத்தில் இளகிப்போய், பலாப்பழம் உரித்த கை மாதிரி ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் கழுவினேன். அப்படியும் ரப்பர் வாசனை போகவில்லை. உங்களுக்கும் அது தெரிந்திருக்கலாம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் பெங்களூரில் எந்த கேமிங் சென்டருக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி, ஒரு பேக்கரியின் மாடியில் அப்படி ஒன்று இருந்தது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே ஏசி, கார்ப்பெட், எட்டு கம்ப்யூட்டர், எட்டு பேருடைய சாக்ஸ். கீழே பன் வேகும் மணம் மேலே வந்து இதோடு கலந்து ஒரு மாதிரியாகிவிடும். நான் அப்போதே முப்பதைத் தாண்டியவன், கல்யாணமானவன், எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். "அங்கிள், பின்னாடி பாருங்க அங்கிள், சுடுறான்!" என்று கத்துவார்கள். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவிலும் மரியாதை குறையாது. ஆனால் நான்தான் எப்போதும் முதலில் சாவேன்.

இந்த அவமானம் தாங்காமல்தான் எஸ்.பி. ரோட்டில் உதிரி உதிரியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். சண்டையை விட்டுவிட்டுக் கார் பந்தயத்துக்கு மாறினேன். என் மனைவி ஸ்டெல்லா பக்கத்து ஸ்கூலில் யு.கே.ஜி. டீச்சர். அவளுக்குக் கேமில் ஆர்வம் கிடையாது, ஆனால் வழி சொல்வதில் அபார ஆர்வம். திரையின் மூலையில் தெரியும் குட்டி மேப்பைப் பார்த்து எனக்கு முன்னாலேயே திருப்பத்தைச் சொல்லிவிடுவாள். அதுவும் கன்னடத்தில். பிறந்து வளர்ந்தது லிங்கராஜபுரம்தானே, அவசரம் என்றால் கன்னடம்தான் வரும். "எடக்கே! எடக்கே! அய்யோ, எடக்கேன்னு சொன்னேன்ல!" நான் அரக்கோணத்துக்காரன். எடக்கே என்றால் இடது பக்கம் என்று மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சுவரில் மோதியிருக்கும்.

படமும் அப்படித்தான், இரண்டு பேருமாகப் போவோம். தமிழ்ப் படம் பெங்களூரில் உடனே வெளியாகாத ஒரு காலம் இருந்தது. அந்த நாட்களில் ஓசூருக்கு பஸ் ஏறுவோம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதுமே பஸ்ஸில் பாதிப் பேர் படத்துக்குப் போகிறவர்கள் என்று தெரிந்துவிடும், பேச்சு அப்படி இருக்கும். திரும்பி வரும்போது நான் வழி முழுக்கப் படத்தைப் பிரித்து மேய்வேன். "இதெல்லாம் எங்கயாவது எழுதி வைங்களேன், எனக்குக் காது வலிக்குது" என்றாள் ஸ்டெல்லா ஒரு நாள்.

வலைப்பூ என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. இலவசமாக இடம் கொடுத்தார்கள். தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் எழுத ஆரம்பித்தேன். வாசகர்கள் மொத்தம் ஏழு பேர், ஸ்டெல்லாவையும் சேர்த்து. படம், கேம், விசேஷம் என்று மூன்று தலைப்பு. மாற்றவே மாட்டேன். டெஸ்டர் புத்தி அது. ஆபீசில் வாராந்தர ரிப்போர்ட்டில் 'பிரச்சினைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஒரு முறை காலியாக விட்டதற்கு எங்கள் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "காலியா விட்டா நீங்க பாக்கலைன்னு அர்த்தம். இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க." அது மனதில் பதிந்துவிட்டது. படத்தைப் பற்றி நாலு பத்தி, கேம் பற்றி மூன்று பத்தி. கடைசித் தலைப்பின் கீழே மட்டும் எப்போதும் ஒரே வரி: விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரப் பதிவை நகலெடுத்து, மேலே உள்ளதை அழித்து எழுதுவேன். அந்த வரியை மட்டும் தொடவே வேண்டியிருக்காது.

எங்கள் அப்பா எழுதும் இன்லேண்ட் லெட்டர் அப்படித்தான் முடியும். மற்றபடி இங்கு விசேஷம் ஒன்றுமில்லை. நான் அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன். ஆனால் கல்யாணமாகி ஆறு வருடம் ஆனவர்களிடம் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அம்மா அரக்கோணத்திலிருந்து போன் செய்வாள். முதல் கேள்வியே, "எதுனா விசேஷமாடா?" இரண்டு தெரு தள்ளியிருந்த என் மாமியார் வாயால் கேட்க மாட்டார். ஸ்டெல்லா தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் வைக்கிறாள் என்று பார்ப்பார்.

ஆறாவது வருடம், எத்தனையோ ஊசி மருந்துக்குப் பிறகு, நாள் தள்ளிப்போனது. "அஞ்சு மாசம் முடியட்டும் மாப்ளே. அதுவரைக்கும் ஒரு ஈ காக்காக்குக்கூடச் சொல்லாதீங்க" என்றார் மாமியார். சொல்லவில்லை. அந்த நாலு மாதமும் சனிக்கிழமைதோறும் அந்தக் கடைசி வரி வரும்போது ஸ்டெல்லாவைக் கூப்பிடுவேன். அவள் வந்து என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அதைப் படிப்பாள். "பொய்யி, பொய்யி" என்று சிரிப்பாள். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஸ்கூல் விட்டு வந்ததும் நாற்காலியில் உட்கார முடியாமல் கட்டிலில் படுத்துக்கொண்டே அங்கிருந்து வழி சொல்வாள். மேப் தெரியாமலே குத்துமதிப்பாக "எடக்கே" என்பாள். நானும் திருப்பி, மோதிக்கொள்வேன்.

ஐந்தாவது மாதம் வரவில்லை.

நான் ஆபீஸ் வண்டியில் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது மாமியாரின் போன் வந்தது. இறங்கி ஓடினேன், ஆட்டோ பிடித்தேன், அதுவும் நின்றது, மறுபடி ஓடினேன். நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன முடிந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காண்பிக்கவா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஸ்டெல்லா பார்த்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன், வைத்த தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவேன். "நீங்க எங்கயாவது கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்க மாப்ளே, நான் இருக்கேன்" என்றார் மாமியார். எங்கே போவது? கால் தானாக மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஓசூர் பஸ் ஏறியது. மேட்னி ஷோ. படம் ஒரு கலாட்டாக் கல்யாணக் கதை. இடைவேளைக்கு முன்னால் ஒரு காமெடி. மாப்பிள்ளையின் சித்தப்பா தவறான மண்டபத்தில் போய் உட்கார்ந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுகிறார். தியேட்டரே குலுங்கியது. எனக்கு அங்கேதான் வந்தது. வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து ஆள் நானும் சிரிக்கிறேன் என்று நினைத்து என் முழங்காலைத் தட்டினான். சிரிப்புச் சத்தம் அடங்கியபோதும் என்னால் நிறுத்த முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை எழுதாமல் போய், அடுத்தது வந்தது. வேறு எதுவும் செய்யத் தெரியாததால் எழுத உட்கார்ந்தேன். படம் தலைப்பின் கீழே 'நகைச்சுவை எடுபடவில்லை' என்று எழுதினேன். கேம் பற்றி, புதிய தடத்தில் மழை பெய்யும்போது பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்று ஒரு பத்தி. பிறகு அந்த வரி, போன பதிவிலிருந்து நகலாகி வந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தால் என்ன எழுதுவது? காலியாக விட்டால் பார்க்கவில்லை என்று அர்த்தம். வெளியிடு பட்டனை அழுத்திவிட்டுத் தயிர் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படுக்கையை விட்டு அவளாக எழுந்தது அன்றுதான் முதல் முறை.

"ஒண்ணுமில்லையா?" என்றாள்.

"மாத்த மறந்துட்டேன்" என்றேன்.

பொய். அந்த நாலு மாதம் சொன்னதை விடப் பெரிய பொய். அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. "மறந்துட்டீங்க" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். மறுநாள் பூசைக்குப் போனவள் அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு தெருதான். தினமும் வண்டியை விட்டு இறங்கி நேராக அங்கே போவேன். மாமியார் காப்பி கொடுப்பார். ஸ்டெல்லா உள்ளறையில் பிள்ளைகளின் நோட்டில் ஸ்டார் போட்டுக்கொண்டிருப்பாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவேன். அவ்வளவுதான். வழியில் பேக்கரி மாடியிலிருந்து "அங்கிள்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அந்த நாட்களில் ஒரே பயம், இவள் திரும்பி வரவே மாட்டாள், வந்தாலும் இந்த வீட்டில் இனி யாரும் பேசப் போவதில்லை என்று. பந்தயத்தை ஓட்டிப் பார்ப்பேன். வழி சொல்ல ஆளில்லாமல் முதன்முதலாக ஜெயித்தேன். அன்றைக்கு அந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டவன்தான்.

பேச வராத ஆள் என்ன செய்வான்? எழுதினேன். மூன்று சனிக்கிழமை எடுத்தது. படம் இல்லை, கேம் இல்லை. மேலே தேதி போட்டேன், அது நடந்த தேதி. போன் வந்த நேரம், எந்த சிக்னலில் இறங்கினேன், ஸ்டெல்லா என்ன புடவை கட்டியிருந்தாள், டாக்டர் மறுநாள் என்ன சொன்னார், நர்ஸ் கேட்டதற்கு நான் ஏன் தலையாட்டினேன், தியேட்டரில் ஏன் எழுந்து வந்தேன், எல்லாம். மறக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் அழுத்தினேன் என்பதையும் எழுதினேன். அதற்கு ஒருவரும் கருத்துப் போடவில்லை. வழக்கமாக முதல் ஆளாக வந்து நிற்கும் சிங்கப்பூர் வாசகர்கூட வரவில்லை.

மாமியார் வீட்டு வாசலில் வைத்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன், எழுதியிருக்கிறேன் என்று.

"எல்லாத்தையும் எழுதிருக்கீங்களா?"

"எல்லாத்தையும்."

"இப்ப வேணாம். என்னால முடியாது. இருக்கட்டும், முடியும்போது படிக்கிறேன்."

அடுத்த வாரம் பையோடு வந்தாள். அதற்குப் பிறகு நான் வலைப்பூவில் எழுதவில்லை. எங்களுக்குக் குழந்தையும் பிறக்கவில்லை. அந்தப் பதிவு அங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், பேச மாட்டோம். வீடு மாறினோம், இரண்டு முறை. முதல் முறை மாறும்போது ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் நான்தான் பழைய பேப்பர்காரனிடம் போட்டேன். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நர்சிங் ஹோம் இடிபட்டு இப்போது டைல்ஸ் கடை நிற்கிறது. பேக்கரியும் இல்லை, மாடியும் இல்லை. ஓசூருக்குப் படம் பார்க்கப் போகிறவரும் இல்லை.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு மாமியாரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். நான் ஸ்கூட்டரை எடுப்பதற்குள் ஸ்டெல்லா கோயில் ஆபீசுக்குள் போய்விட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதைக் காட்டுங்க. இப்ப படிக்கிறேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். முகவரி விரலிலேயே இருந்தது. பக்கம் வரவில்லை. வேறு மாதிரி அடித்துப் பார்த்தேன், தேடிப் பார்த்தேன். அந்த இலவச சேவையை மூடி எத்தனையோ வருடமாகியிருந்தது. முன்கூட்டியே மெயில் அனுப்பியிருப்பார்கள், நான் திறக்காமல் விட்ட ஏதோ ஒரு பழைய முகவரிக்கு. இருபது வருடமாக ஆபீசில் எல்லாருக்கும் பேக்கப் எடு, பேக்கப் எடு என்று உயிரை வாங்கியவன் நான். இதை ஒரு பிரிண்ட்கூட எடுக்கவில்லை.

"படிக்கணும்னுகூட இல்ல" என்றாள் ஸ்டெல்லா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "பிள்ளைக்காகப் பூசை குடுக்கணும்னு இருந்தேன், அந்தத் தேதியில, வருஷா வருஷம். பேரும் தேதியும் கேட்டாங்க. பேரு என்கிட்ட இருக்கு. தேதிதான் வேணும். நீங்க எழுதிருப்பீங்களேன்னுதான்."

செப்டம்பர் மாதா திருநாளுக்குக் கொடியேற்றிய வாரத்துக்கு முந்தின வாரம் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. வியாழக்கிழமை என்கிறாள் அவள், அன்றைக்கு ஸ்கூலில் டெஸ்ட் இருந்ததாம். வெள்ளி என்கிறேன் நான், வெள்ளிதோறும் அனுப்பும் வாராந்தர ரிப்போர்ட்டை அனுப்பாமல் கிளம்பிய ஞாபகம். இந்த ஒரு வருடமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறோம். சில நாள் அவள் வெள்ளி என்பாள், நான் வியாழன் என்பேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு யாரும் உயிரோடு இல்லை. அன்று ஓசூரில் பார்த்த அந்தப் பாதிப் படத்தை இப்போதும் காட்சி காட்சியாகச் சொல்ல என்னால் முடியும்.

குழந்தைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்ன பெயர் என்று நான் இன்னும் கேட்கவில்லை. பெயர் அவள் பொறுப்பில் இருந்தது, தேதி என் பொறுப்பில் இருந்தது. என் பங்கைத் தொலைத்துவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்பது?