இலங்கை அக்காவின் பச்சைக் குடம்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் மனிதர்களுக்கு முன்னால் குடங்கள்தான் எழுந்துகொள்ளும். பத்து மணிக்கு வரும் தண்ணீர் லாரிக்கு ஆறு மணிக்கே வரிசையில் நின்றுவிடும். எந்தக் குடம் யாருடையது என்று தெரிய, கழுத்தில் அந்தந்த வீட்டுப் பெயின்ட் இருக்கும். எங்களுடையது நீலம். வீட்டுக்கு நான்கு குடம் என்பது கட்டுப்பாடு. பள்ளி விடுமுறையில் வரிசையைக் காப்பது என் வேலை. வாய் திறக்காத பெண், யார் பக்கமும் சாய மாட்டாள் என்று நம்பினார்கள்.

அந்தக் கோடையில் பெயின்ட் இல்லாத பச்சைக் குடம் ஒன்று வரிசையில் சேர்ந்தது. கடைசி வீட்டின் பின்கட்டில் கைக்குழந்தையோடு குடிவந்த இலங்கை அக்காவுடையது. படகில் வந்தவள். முகாமுக்கும் போகவில்லை, போலீசில் பதியவும் இல்லை. அவள் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை குடம் வைக்கிறாள் என்று மட்டும் பார்த்தார்கள். கொசு கடித்தாலும் அவள்தான் காரணம், சாக்கடை அடைத்தாலும் அவள்தான். அவள் வந்து இரண்டு மாதம்; அந்தச் சாக்கடையோ நான் பிறந்ததிலிருந்தே அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தெருச் சங்கத்துக்குச் செயலாளர். ஒரு நாள் காலை, பச்சைக் குடத்தை எடுத்து ஓரமாக வைக்கும்படி என்னிடம் சொன்னார். ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கு லாரித் தண்ணீர் இல்லையாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்து வைத்தேன். அக்கா குழந்தையோடு வந்து முதலில் குடத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பரவாயில்லை பிள்ளை, எல்லாரும் எடுத்து முடியட்டும்" என்றாள்.

எல்லாரும் எடுத்து முடித்தபோது லாரிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரியப்பா மனுவோடு வந்தார். காகிதம் எதுவும் இல்லாமல் வந்தவளால் தெரு பாழாகிறது, அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து அவளை அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அவர் எதிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதான் அம்மாவின் வழக்கம். அன்று பேனாவை வாங்காமல் நடந்துபோய், ஓரத்தில் கிடந்த பச்சைக் குடத்தை எடுத்துவந்து எங்கள் குடங்களுக்கு முன்னால் வைத்தாள்.

"அவளாண்ட காயிதம் இல்ல மாமா, சரி. ஏரில ஊடு கட்டிகினு கீறோமே, நம்மளாண்ட இன்னா காயிதம் கீது? வர்ற ஆபீசரு பட்டா எங்கன்னு கேட்டா நீங்க காட்டுவீங்களா, நான் காட்டட்டுமா?"

கையெழுத்துப் போட்டவர்கள் அவரவர் குடத்தைக் குனிந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து எதிர்வீட்டுக்காரியின் குரல் மட்டும் வந்தது. "மொதல்ல எம்பேர அடி அண்ணாத்தே."

பெரியப்பா மனுவை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கார்டு இல்லாதவளுக்கு எந்த வீட்டுப் பங்கில் தண்ணீர் என்று முனகினார்.

"எங்கூட்டு பங்குல" என்றாள் அம்மா.

அன்று மாலையே பச்சைக் குடத்தின் கழுத்தில் எங்கள் நீலத்தைப் பூசினாள். அதன்பின் எங்களுக்கு மூன்று குடம்தான். இலங்கை அக்கா எங்கள் தெருவில் நான்கு வருஷம் இருந்தாள். சட்டப்படி அது தப்பு என்று இன்றும் என்னிடம் சொல்பவர்கள் உண்டு. தப்பாகவே இருக்கட்டும்.

அம்மாவின் குரலுக்குத்தான் தெரு பயந்தது என்று அன்று நினைத்துக்கொண்டேன். பட்டா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது, கட்டில்மேல் உட்கார்ந்தபடி ஏரியைத் திட்டுவேன். அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறதே என்று எனக்கு அத்தனை கோபம். யார் வீட்டுக்குள் யார் கேட்காமல் நுழைந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.